மில்லிமீட்டர் மிதந்த கதை

அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மில்லிமீட்டர். எடையளவு ஆய்வாளர் வேலை. கடை கடையாகப் போய்த் தராசு சரியாக நிற்கிறதா, எடைக்கல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். இருபத்தாறு வருடமாகக் குத்திக்கொண்டிருந்தார். வேலை என்னவோ ஐந்து மணிக்கு முடிந்துவிடும். அவர் முடிய மாட்டார். வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்புகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பார். மகளின் கல்யாணப் போட்டோவை ரசமட்டம் வைத்துத்தான் மாட்டினார். மாப்பிள்ளை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றிருந்ததில் அவருக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தமும் அலமாரி மாதிரி திரும்பியது. டாக்டர் அவரைப் படுக்கச் சொல்லி, ஏற இறங்கப் பார்த்தார்.

"தளர்வா படுங்க."

"தளர்வாத்தான் படுத்திருக்கேன்."

"உங்க தலை தலைகாணியில படவே இல்லையே, நாலு விரக்கடை மேல நிக்குது!"

மாத்திரை எழுதவில்லை. "நீச்சல் கத்துக்கங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

ஐம்பத்து மூன்று வயதில் நீச்சல் உடையும் ரப்பர் தொப்பியும் போட்டுக்கொண்டு நீச்சல்குளத்தின் விளிம்பில் நின்றபோது, தன்னைத் தானே பார்க்காமல் இருக்க வழி உண்டா என்று அவர் யோசித்தார். நல்லவேளையாகப் பார்க்க வேறொன்று கிடைத்தது. சுவரில் "ஆழம் 4 அடி" என்று எழுதியிருந்தது. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார்.

"மூணு அடி பத்தரை அங்குலம்தான் இருக்கு" என்றார் பயிற்சியாளரிடம்.

அந்தப் பெண்ணுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "முழுகுறதுக்கு அது தாராளமாப் போதும் சார். இறங்குங்க."

பெரியவர்கள் வகுப்பில் இரண்டே பேர். இன்னொருவர் லாரி டிரைவர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஊர் விட்டு ஊர் ஏற்றிப் போகிறவர். நூற்றுப் பத்து கிலோ உடம்பு, அதற்கு ஏற்ற மீசை. அவர் சிரித்தால் குளத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. நீச்சல் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டிருந்தார். மில்லிமீட்டரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"கண்ணாடி தலைகீழா இருக்கு."

"அப்படியா சார்? அதான் நீங்க முறைக்கிற மாதிரி தெரியுதோ?" என்று டிரைவர் அதைத் திருப்பிப் போட்டார். மறுபடி பார்த்தார். "இல்ல சார், இப்பவும் அப்படித்தான் தெரியுது."

முதல் பாடம் மிதப்பது. ஒருவர் மல்லாந்து படுக்க, இன்னொருவர் தலைக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுக்க வேண்டும். மில்லிமீட்டர் கைகுலுக்குவதற்குக்கூட யோசிக்கிற ஆள். அவர் கையில் இப்போது மீசையோடு ஒரு மலை வந்து படுத்தது.

"கையை எடுத்துடாதீங்க சார்" என்று டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார். அத்தனை நேரம் ஊரைக் கூட்டிய குரல் இப்போது சன்னமாகிவிட்டிருந்தது.

"எடுக்க மாட்டேன்" என்றார் இவர். அப்புறம்தான் கவனித்தார். நூற்றுப் பத்து கிலோ கையில் இருக்கிறது, கனமே இல்லை. வாழ்நாளெல்லாம் எடை பார்த்தவருக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

முறை மாறியதும் இவர் கடப்பாரை மாதிரி நேராக உள்ளே போனார்.

"உடம்பை விடுங்க சார்" என்றார் டிரைவர், தூக்கி நிறுத்தி.

"விட்டுத்தான் இருக்கேன்."

"எங்க விட்டீங்க? கூரையை முறைச்சுக்கிட்டு இருக்கீங்க."

"அந்த மூணாவது விளக்கு கோணலா இருக்கு."

நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் டிரைவர் வேறு வழி பிடித்தார். இவரைத் தண்ணீரில் மல்லாத்திப் போட்டுவிட்டு, "கண்ணை மூடுங்க சார், ஒரு சங்கதி சொல்றேன்" என்று ஆரம்பித்தார்.

"ஒரு வீட்டுச் சாமானை ஏத்திக்கிட்டு இருநூறு கிலோமீட்டர் போனேன். அங்க போய்ப் பின்கதவைத் திறந்தா, சோபாவுல வீட்டுக்காரம்மாவோட மாமனார் படுத்துத் தூங்குறார்! இங்க அவரைக் காணோம்னு போலீஸ் வரைக்கும் போயிட்டாங்க. நான் பதறிப்போய் எழுப்புறேன். மனுஷன் கண்ணைத் திறந்து, 'அதுக்குள்ள வந்துடுச்சா?'ங்கிறார். கதவை எட்டிப் பாத்து, 'என் மருமக இருக்காளா?'ன்னார். 'இன்னும் வரலை'ன்னேன். 'அப்ப சாத்திட்டுப் போ'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டார் சார்!"

மில்லிமீட்டர் உதட்டை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றிலிருந்து ஒரு குலுக்கல் கிளம்பி, தோளுக்கு வந்து, கழுத்தைத் தாண்டி வாய்வழியாக வெடித்தது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமித் தீர்த்தபோது, எதிரே டிரைவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கையை எப்ப எடுத்தீங்க?"

"போலீசுக்குப் போனாங்களே, அப்பவே."

அன்றைக்கு மாலை வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். குளியலறையில் ஒரு மெட்டு. கல்யாணமான புதிதில் இவர் முணுமுணுப்பாரே, அதே மெட்டு. தண்ணீருக்குள் மூச்சு விடும்போது ஏதாவது முணுமுணுக்கச் சொல்லியிருந்தாள் பயிற்சியாளர். இவருக்கு ஞாபகத்தில் இருந்தது அது ஒன்றுதான். மனைவிக்கு இந்த விவரம் தெரியாது. முப்பது வருடம் கழித்துப் பாட ஆரம்பிக்கிற புருஷனைப் பற்றி ஒரு பெண் என்ன நினைப்பாளோ, அதைத்தான் நினைத்தாள். மறுநாள் சத்தம் போடாமல் பின்னாலேயே போய், குளத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தண்ணீருக்கு நடுவில் அவள் புருஷன் ஒரு மீசைக்காரரைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த மனுஷன் என்னைக்கூட இப்படிப் பிடிச்சதில்ல" என்றாள் பக்கத்தில் நின்ற பயிற்சியாளரிடம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளோரின் வாடை ஆகவில்லை என்று சொன்னாள்.

ஒரு நாள் உடை மாற்றும் அறையில் மில்லிமீட்டர் கேட்டார், "உங்களுக்குத்தான் இவ்வளவு பயமாச்சே, ஏன் நீச்சல் கத்துக்க வந்தீங்க?"

டிரைவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். "போன வருஷம் ஒரு பாலத்துல வெள்ளம் வந்து வண்டியை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஆறு மணி நேரம் லாரி மேல உக்காந்திருந்தேன். கரை அந்தா தெரியுது. நீந்தத் தெரிஞ்சா அஞ்சு நிமிஷம். அதுலேருந்து மழை பேஞ்சாலே வண்டியை ஓரங்கட்டிடறேன் சார்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஆறுதல் சொல்லி மில்லிமீட்டருக்குப் பழக்கமில்லை. "நாளைக்கு நான் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடறேன். நீங்களும் வந்துடுங்க" என்றார். அதற்கப்புறம் தினமும் இருவரும் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தேர்வு. குளத்தைக் குறுக்கே நீந்திக் கடக்க வேண்டும். காலைத் தரையில் ஊன்றினால் தோல்வி. இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் கிளம்பினார்கள். மில்லிமீட்டர் கணக்காகக் கை போட்டுப் போய்க்கொண்டிருந்தார். இன்னும் நாலு வீச்சுதான். அப்போது பின்னாலிருந்து ஒரு அலறல்.

"யோவ்! எங்கய்யா போற? பிடிய்யா!"

அவரை யாரும் யோவ் என்று கூப்பிட்டு முப்பது வருடமாகியிருக்கும். நாலு வீச்சை விட்டுவிட்டுக் காலை ஊன்றினார், தடக்கயிற்றைத் தூக்கிக் குனிந்து மறுபக்கம் போனார், காலை ஊன்றினால் நிற்கலாம் என்பதே மறந்து தத்தளித்த தலைக்கு அடியில் கையைக் கொடுத்தார். டிரைவருக்கு மூச்சு வந்ததும் முதலில் வந்தது வெட்கம்தான்.

"மன்னிச்சுக்கங்க சார், மரியாதையில்லாம..."

"பரவாயில்லய்யா" என்றார் மில்லிமீட்டர். வாய் தவறி வந்ததுதான். வந்தபின் நன்றாக இருந்தது.

கரைக்கு வந்து, நோட்டும் பேனாவுமாகத் தயங்கி நின்ற பயிற்சியாளரிடம், "என்னம்மா யோசிக்கிற? ரெண்டு பேரும் ஃபெயில்னு எழுது" என்றார். பரீட்சையில் முதலாவதாக வந்தவர்கூட இவ்வளவு மலர்ச்சியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த மூன்று மாதத்துக்கும் சேர்ந்தார்கள். கழுத்து எப்போது சரியானது என்று அவருக்கே தெரியாது. அலுவலகத்தில் யாரோ கூப்பிட, தலை மட்டும் தனியாகத் திரும்பியதைப் பக்கத்து மேஜைக்காரர்தான் பார்த்து எல்லாரிடமும் சொன்னார். இரண்டாம் தடவை இருவரும் தேறினார்கள். டிரைவர் மறு கரையைத் தொட்டுவிட்டு அங்கேயே ஒரு பாட்டம் அழுது முடித்தார்.

அதைக் கொண்டாட ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதென்று முடிவானது. லாரியிலேதான். டிரைவர் ஒரு மரப்பெட்டியைப் படிபோல வைத்து, "ஏறுங்கக்கா" என்று மில்லிமீட்டரின் மனைவியை உயரமான முன்சீட்டில் ஏற்றிவிட்டார். அவளுக்கு அங்கிருந்து தெருவே புதிதாகத் தெரிந்தது. தலைக்கு மேலே தொங்கிய கயிறு என்னவென்று கேட்டாள். ஹாரன் என்றார் டிரைவர். கேட்டு முடிப்பதற்குள் இழுத்துவிட்டாள். லாரி யானை மாதிரி பிளிறியது. நடைபாதையில் போன இரண்டு பேர் துள்ளி ஒதுங்கினார்கள்.

மில்லிமீட்டர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். சும்மா ஹாரன் அடிப்பது எந்த விதியின்படி குற்றம் என்று அவருக்கு எண்ணோடு தெரியும்.

"கொஞ்சம் தள்ளு, எனக்கு எட்டலை" என்றார்.