வரவேற்பறையில் உப்புத் தண்ணீர்

வலது கை தோள்வரை தொட்டிக்குள் இருந்தது. கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பாறையின் பின்புறம் படர்ந்திருந்த பச்சை இழைகளைப் பாஸ்கரன் விரலால் பிய்த்தான். தண்ணீர் அரிசி களைந்தது போல வெளுத்திருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"என்னாண்ணா, போன வாரந்தானே பளிங்கு மாதிரி ஆக்கிட்டுப் போனீங்க?" வரவேற்பு மேசையிலிருந்து சுஜாதா கேட்டாள்.

"ஆமா. போன வாரந்தான்."

அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூருக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் வேலைக்கு வந்தவன். வேலை போனதும் மீன்தொட்டி கழுவ இறங்கினான். கம்பெனிகள், பல் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று ஊரெல்லாம் தொட்டிகள். எல்லாம் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் இது ஒன்றுதான். இதுதான் அவனைத் தின்றது. புதிதாக உப்புக் கரைத்து மாற்றிப் பார்த்தான். கறுப்புத் துணியால் மூடி வைத்துப் பார்த்தான். புற ஊதா விளக்கு போட்டுப் பார்த்தான். வெள்ளை போனால் பச்சை வந்தது. பச்சை போனால் வெள்ளை. விரலிடுக்கெல்லாம் உப்பில் வெடித்துவிட்டதில், மனைவி தமிழ்செல்வி சோற்றுத் தட்டில் கரண்டி வைக்க ஆரம்பித்திருந்தாள்.

கம்பெனி மேலாளர் ஹரீஷ்குமார் காலையிலேயே சொல்லிவிட்டான். "திங்கக்கிழமை ஜப்பான்காரங்க வர்றாங்க. அப்பவும் இப்படியே இருந்தா வேற ஆளப் பாத்துக்குவேன். மீனு செத்தாலும் நீங்கதான் பொறுப்பு."

வழக்கமாக மாலையில் வருகிற பாஸ்கரன் இன்று சீக்கிரம் வந்திருந்தான். கீழ்ப்பெட்டியைத் திறந்து வடிகட்டும் பஞ்சைப் பிழிந்தான். எப்போதும் வரும் மாவுக்கூழ்தான் வந்தது. நடுவில் கரையாத ஒன்று, ஊறி உப்பி இருந்தது. பொரி.

"யாரும்மா இதுல பொரி போடறது? நீயா?"

"ஐயோ, எனக்குத் திங்கவே கெடைக்கல." சிரித்தவள் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஐயாதாண்ணா. காலையில ஒரு பிடி, சாப்ட்டு வரும்போது ஒரு பிடி. பொண்ணுக்குக் கொழந்தை நிக்கணும்னா மீனுக்குப் பொரி போடுன்னு ஜோசியர் சொன்னாராம். முட்டி வலியில கொளத்துக்குப் போக முடியலியாம்."

"நான் இங்க கெடந்து சாகுறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மொதலாளி பொரி போடறாருன்னு நான் எதுக்குண்ணா சொல்லணும்?"

ஹரீஷ்குமாருக்கும் தெரிந்திருந்தது. "நீங்க வேணா சொல்லிப் பாருங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

மத்தியானம் முதலாளி சென்னகிருஷ்ணன் வந்தார். இந்தக் கம்பெனி நிற்கும் இடம் முன்பு அவருடைய கேழ்வரகுக் கொல்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டபடி தொட்டிப் பக்கம் நடந்தார். பாஸ்கரன் ஈரக் கையோடு எழுந்து நின்றான்.

"ஐயா, போடாதீங்க. இது கடல் மீனு. பொரி திங்காது. ஊறித் தண்ணி கெட்டுப்போகுது."

"வாயில வாங்குதேப்பா, நான் பாத்தனே?"

"வாங்கித் துப்பிரும்யா."

"இத்தினி நாளா போட்டதெல்லாம்?"

"ஒண்ணுகூடத் திங்கல. எல்லாம் அடியில பஞ்சுல இருக்கு."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தான். ஏதோ கொஞ்சம் தின்றது என்று சொல்லியிருக்கலாம். அதை யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன்களை அல்ல, அடியில் கிடந்த மணலை.

"பொரி திங்கற மீனு எது?"

"தங்க மீனு திங்கும். நல்ல தண்ணி மீனு."

"அத இதுல வுடு. இதுங்கள நீயே எடுத்துனு போ."

பிடிப் பொரியைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, கைப்பிடியைப் பற்றிப் படியேறினார்.

மறுநாள் சனிக்கிழமை. பாஸ்கரன் உப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டான். பாறைகளை எடுத்துச் சாக்கில் கட்டினான். தொட்டியைக் கழுவி, போர்த் தண்ணீர் நிரப்பி, தங்க மீன்களை விட்டான். புதுத் தண்ணீர், நாலு நாளில் இதுவும் வெளுக்கும் என்று ஹரீஷ்குமாரிடம் சொன்னான். திங்கட்கிழமை தாண்டினால் போதும் என்றான் அவன். சென்னகிருஷ்ணன் அன்று வரவில்லை. கோமாளி மீன்களை எடுத்துக்கொள்ள பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் சம்மதித்திருந்தார். பாஸ்கரன் மூடி போட்ட வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான். கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில் நெரிசல். பஸ் வெகுநேரம் நின்றது.