மாட்டு இன்சூரன்ஸ் மேடம்

வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்குத் துணை நிற்பது என் வேலை. அதை அவர்கள் வாசலில் நின்று சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு மாமியார் "யாரு?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் மருமகளே சொல்லிவிட்டாள், "மாட்டு இன்சூரன்ஸ் மேடம்."

இன்று சீர்காழி பஸ்ஸில் அவள் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அவள்.

"இன்சூரன்ஸுக்கு மாட்டுக்குக் காதுல டேக் அடிக்க எப்ப வருவீங்க மேடம்?"

"கொஞ்சம் லேட்டாகும் சார்."

அவளிடம் திரும்பினார். "இவங்க நம்பர் இருக்குல்ல? தினம் போன் பண்ணு. விட்டுடாத."

"சரிங்க" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

அவள் யாரென்று தெரியாமலிருக்க ஊரையும் மாட்டையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவர் போட்ட உத்தரவை மாற்றவில்லை.

டேக் அடிக்கத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வரவும். வெளியே வாயைத் திறக்காதவராக இருந்தால் நல்லது.