என்ன எந்த டீம்ல போடுறது?

எங்க ஸ்கூல் பழைய பசங்க கிரிக்கெட் கிளப்புல வருஷா வருஷம் ஒரு மேட்ச் உண்டு. கல்யாணம் ஆனவனுங்க ஒரு டீமு, ஆவாதவனுங்க ஒரு டீமு. இன்னிக்குதான் நடந்துச்சு.

என் ஒய்ஃப் கவிதா செத்துப்போனதுக்கு அப்புறம் இப்பதான் கிரவுண்டு பக்கம் போறேன். தேர்வாய் கண்டிகை கம்பெனில ஷிப்ட் முடிச்சிட்டு நேரா போனேன்.

கேப்டன் சுரேஷ் டீம் பிரிச்சிக்கினே வந்தவன், என்கிட்ட வந்ததும் நின்னுட்டான்.

"மச்சான், நீ நம்ம டீமுக்கு வாடா"ன்னான் வேலு. அவனுக்கு இன்னும் பொண்ணு அமையல. பாசத்துலதான் கூப்டான்.

"லூசு, அவன் கல்யாணம் ஆனவன்டா"ன்னு சுரேஷ் கத்துனான்.

கடைசில சுரேஷ்தான், "நைனா, நீ அம்பயரா நின்னுக்கோ"ன்னான்.

நின்னேன். வேலு ரன் ஓடுனப்ப, பசங்களோட ஊட்டுக்காரம்மாங்க உக்காந்திருந்த பக்கம் பாத்துக்கினு இருந்தேன். "ரன் அவுட்டு"ன்னு கத்துனாங்க. பாக்காமலே கைய தூக்கிட்டேன்.

வேலு கோட்டத் தாண்டி நல்லா உள்ள நின்னுனு இருந்தான். ஒரு வார்த்த பேசாம பேட்ட தூக்கிக்கினு போயிட்டான்.

எங்க கிளப்புல அம்பயரோட அம்மா அப்பாவ இழுக்காம எவனும் வெளிய போனதே இல்ல.

டேய் வேலு, இத படிச்சினா கமென்ட்லயாவது வந்து திட்டுடா.