மிலிட்டரி சிவனாண்டியை எடுத்த நாள்

சிவனாண்டி சாவதற்கும் நாள் பார்த்துத்தான் செத்தார். மூச்சுத் திணறலோடு இரண்டு வருடம் கிடந்தவரைத் தூக்கி, துடைத்து, மாத்திரை கொடுத்து மனைவி வேலுத்தாய்க்கு இடுப்பே விட்டுப் போயிருந்தது. அத்தனை நாள் தாக்குப்பிடித்த மனுஷன், ஐப்பசி பிறந்து முதல் நல்ல மழை பெய்து, கரிசல் விதைப்புக்குப் பதமாக நின்ற காலையில் கண்ணை மூடினார்.

பசுவந்தனைப் பக்கத்து அந்த ஊரில், பிணம் கிடக்கும்போது யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். ஏர் போய் டிராக்டர் வந்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு போகவில்லை. மழை வெறித்து, மண் காலில் ஒட்டாமல் இருக்கிற ஒன்றிரண்டு நாளுக்குள் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் போட்டாக வேண்டும். பிந்தினால் மேல்மண் இறுகிவிடும். அப்புறம் அடுத்த மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேலுத்தாயின் மூன்று ஏக்கருக்கு அந்தக் கவலையும் கிடையாது. சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரர்கள் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை விதையைத் தொடக்கூடாது.

மகன் சுடலைமணிக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. காலையிலிருந்து செல்போனும் கையுமாக அலைந்தவன் அம்மாவிடம் வந்தான்.

"எம்மா, ராணுவ மரியாதைக்கு ஆள் வாராவளாம். கொடி போத்தி, பியூகிள் ஊதி, எல்லாம் முறப்படி செய்வாவளாம். நாளைக்குப் பத்து மணிக்குத்தான் வர முடியுமாம். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டேன்."

அந்த மரியாதை அவருக்குச் சேர வேண்டியதுதான். பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போய் இருபத்து நான்கு வருடம் உழைத்தவர். கார்கிலில் குண்டடிபட்ட இரண்டு பேரை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து மலையை விட்டு இறக்கியதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். அந்தக் கதையை ஊரில் யாராவது கேட்டால், "அங்கன குளுரு பாத்துக்கிடுங்க, சோறு கல்லாப் போவும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

இரண்டு பிரசவத்துக்கும் அவர் பக்கத்தில் இல்லை. அந்தக் கோபம் வேலுத்தாய்க்குக் கடைசிவரை தீரவில்லை. ஆனால் விதைப்புக்கு மட்டும் வருடம் தவறாமல் லீவு போட்டு வந்துவிடுவார். "எம்மேல ஆசப்பட்டு வாரீயளா, மண்ணு மேல ஆசப்பட்டா?" என்று கேட்பாள். "ரெண்டும் இங்கனதான கெடக்கு" என்பார். ஓய்வு பெற்று வந்தபிறகு, விட்டதையெல்லாம் ஒரேயடியாகப் பிடிக்கப் பார்த்தார். மகள் பாண்டிச்செல்விக்குத் தலைபின்னி விடுவது அவர் வேலை. இரட்டைச் சடையும் அளந்து வைத்தது போல நிற்கும். அணிவகுப்புக்கா பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்று தெருவே கேலி செய்யும்.

வெயில் ஏறியது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் யாரும் விதைப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாராவது முணுமுணுத்திருந்தால் வேலுத்தாய் சண்டையாவது போட்டிருப்பாள். பக்கத்து நிலத்துக்காரர் கொம்பையா காலடி மண்ணைக் கிள்ளி விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார். அது உருளாமல் உதிர்ந்தது. வேலுத்தாய் பார்ப்பதைக் கண்டதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஈரம் எப்படி இருக்கு?"

"அது கெடக்குத் தங்கச்சி. அவிய மரியாதயப் பாப்போம்."

"நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

"தாங்காது" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

வேலுத்தாய் மகனைக் கூப்பிட்டாள். "ஏலே சுடலை, நாலு மணிக்கு எடுத்துருவோம்."

"பதக்கம் வாங்குன மனுசன அனாதப் பொணம் மாதிரி தூக்கச் சொல்லுதியா?"

"ஊரே வந்து உக்காந்திருக்கு, அனாதயாம்லா! நாளைக்கு ஊதுததக் கேக்க அவியளுக்குக் காதா இருக்கு? ஊர் நெலத்தக் காயப் போட்டுட்டு அவிய ஒருநாளும் இப்படிப் படுத்துக் கெடக்க மாட்டாவ. எடுத்துருலே. எனக்கு ஏலல."

சுடலைமணி அவளை முறைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான். நாலு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். வேலுத்தாய் தலைமுழுகிவிட்டு வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் முதல் டிராக்டர் கிளம்பியது.

மறுநாள் பத்து மணிக்குச் சொன்னபடி ராணுவ வேன் வந்தது. எலும்பு பொறுக்கப் போயிருந்த சுடலைமணி சுடுகாட்டில் இருந்தான். வந்தவர்கள் அங்கேயே போய்ச் சாம்பலுக்கு மலர்வளையம் வைத்தார்கள்.

பியூகிள் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. வேலுத்தாய் வாசலில் வந்து நின்றாள். சுடுகாட்டைச் சுற்றி எல்லா நிலத்திலும் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுகூட நிற்கவில்லை. கொம்பையாவின் டிராக்டரும் நிற்கவில்லை. நிறுத்தியிருந்தால் சிவனாண்டியே ஏசியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். எடுக்கச் சொன்னதும் அவள்தான். ஆனாலும் ஒரு நிமிஷம் நிறுத்தினால் இவர்களுக்கு என்ன குடியா முழுகிவிடும் என்று இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.