சிவப்புப் பலகைகளுக்கு அப்பால் ஒரு பிள்ளையார்

வெயில் ஏற ஏற எங்கள் தகரக் கொட்டில் சூட்டில் விரிந்து படபடக்கும் சத்தம்தான், போர் முடிந்து எங்கள் ஊரான பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்த அந்தக் கோடையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்த எனக்கு ஊர் என்பதே அம்மா சொன்ன கதைதான். அந்தக் கதையின் நடுவில் எப்போதும் ஒரு பிள்ளையார் இருந்தார். வந்து பார்த்தபோது அவர் உண்மையாகவே இருந்தார், பற்றைப் புதர்களுக்கு நடுவே, கூரையில்லாத கோயிலில், கானலில் மிதப்பவர்போல. இடையில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. அந்த நிலமெங்கும் போரில் புதைத்த மிதிவெடி.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பூத்தட்டோடு புறப்பட்டேவிட்டார்.

"என்ர பிள்ளையார் என்னைச் சாகவிடமாட்டார்."

முகாமில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அப்பா, எதையும் "கண்டாத்தான் நம்புவன்" என்பவர், குறுக்கே நின்றார். "வெடி இருந்தா வெடிக்கும், இல்லாட்டி வெடிக்காது. இதுக்குள்ள உம்மட பிள்ளையார் எங்க வாறார்?"

பூத்தட்டோடு திரும்பிய அம்மா கனநாள் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு வெடி அகற்றுபவர்கள் வந்தார்கள். முழங்காலில் நின்று, மண்ணைத் தடவித் தடவி நகர்ந்தார்கள். ஒருநாள் எங்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, எடுக்க முடியாத ஒன்றை அங்கேயே வெடிக்கவைத்தார்கள். அம்மா நடந்து போயிருக்கக்கூடிய ஒற்றையடிப் பாதையில்தான் புழுதி மரமளவு எழுந்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தபடி அப்பாவிடம், "உங்களைக் கொண்டு மறிச்சதும் அவர்தான்," என்றார்.

"மறிச்சது நான்," என்றார் அப்பா.

பலகைகளைக் கழற்றிய காலை, கருவி எப்படித் தேடும், எப்படித் திரும்பவும் சரிபார்ப்பார்கள் என்றெல்லாம் விளக்கிக்கொண்டே எங்களோடு வந்த அப்பா, பலகைகள் நின்ற எல்லை வந்ததும் நின்றுவிட்டார். 

"ஒண்டும் இல்லையெண்டு தெரியுது. தெரிஞ்சும் கால் வருதில்லை."

அம்மா சிரிக்கவில்லை. "நான் வைக்கிற அடியிலயே வையுங்கோ," என்று சொல்லி முன்னே நடந்தார். அவருடைய சுவடுகளில் கால் வைத்து அப்பாவும், அப்பாவின் சுவடுகளில் நானும், கனவில் நடப்பதுபோல அந்த வெளியைக் கடந்தோம். பிள்ளையாரைக் கட்டிப்பிடித்து அம்மா அழுதார். அப்பா கும்பிடவில்லை, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று கோயில் மதில்வரை வயல். பலகைகள் எங்கே நின்றன என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அம்மாவும் இல்லை. அப்பா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் தனியாகக் கோயிலுக்குப் போகிறார்.

"இப்ப நம்பிறீங்களோ அப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.



"பிள்ளையாரை எனக்குத் தெரியாது. உன்ர அம்மா நம்பினவ. அவவை எனக்குத் தெரியும்," என்றார்.