கட்டுப் போட்ட கால்

சும்மாடு என்று அவனுக்குப் பெயர் வைத்தது அவன் ஆடிய முதல் கால்பந்து கிளப்பின் கோச். கோல் அடித்துப் பேர் வாங்க வந்தவனை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, "மத்தவன் சுமைய நீ தாங்குடா. சும்மாடு இல்லாம எவன் தலையிலயும் சுமை நிக்காது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினான். அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது கிளப் பெரிய நகரத்தில் இருந்தது. கண்ணாடிக் கட்டடம், வழுக்கும் தரை, வாசலில் சலாம் போடும் காவலாளி எல்லாம் உண்டு. ஆட்டத்தில் இறக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. அவனை வேறு கிளப்புக்கு விற்றுவிட்ட செய்தியை அவனுக்குச் சொன்னது பஸ் டிரைவர். பையோடு ஏறப் போனவனைத் தடுத்து, "உங்களுக்கு இன்னைக்கு சீட் இல்லைன்னு சொல்லிட்டாங்களே தம்பி, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். பாவம், அந்த மனிதருக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. விற்றவர்களில் ஒருவனும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது கிளப்பில் வேரூன்றிவிட்டான். வேலை அதேதான். வலது பக்கத்துத் தடுப்பாட்டக்காரன் பந்தைக் கண்டால் வால் முளைத்தவன் போல எதிரணி கோல் வரைக்கும் ஓடிவிடுவான். அவன் விட்டுப்போன ஓட்டையை அடைக்கச் சும்மாடு ஓட வேண்டும். அடைத்தால் அங்கே ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை எந்தப் பத்திரிகைக்காரன் எழுதுவான்? மறுநாள் பேப்பரில் ஓடினவன் படம் வரும். இவன் தோள்பட்டை ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

அப்படி ஓடி ஓடித்தான் இடது முழங்கால் போயிற்று. ஆட்டத்துக்கு முன்னால் கிளப்பின் பழைய டாக்டர் அதில் மரத்துப்போகும் ஊசி போடுவார். ஆட்டம் முடிந்து மரப்பு விட்டதும் உயிர் போகும். இதில் இன்னொரு தொல்லை இருந்தது. கட்டுப் போட்ட காலைப் பார்த்தால் எதிரணிக்காரன் அங்கேதான் உதைப்பான். அதனால் சும்மாடு நல்ல காலான வலது காலில் கட்டுப் போட்டுக்கொண்டான். எல்லோரும் வலது காலையே குறிவைத்து உதைத்து ஏமாந்தார்கள். இந்த ரகசியம் அவனுக்கும் மனைவிக்கும் பழைய டாக்டருக்கும் மட்டுமே தெரியும். இந்தக் கிளப்பின் கோச் மட்டும் தானாகவே ஊகித்திருப்பார் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்த மனிதராயிற்றே.

இந்த வருடத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். "இன்னைக்கு மட்டும் ஆடிக் குடு. உனக்கு இன்னும் ஒரு வருஷம் கான்ட்ராக்ட் வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்று கோச் சொல்லியிருந்தார். வெளியே காட்டிய எலும்பு டாக்டரோ, மரத்த காலோடு இன்னொரு ஆட்டம் ஆடினால் முழங்கால் மடங்காமலே போகலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆட்டத்தன்று காலையில் அவன் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தான். முன்பக்கமாக இறங்கிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. கீழே நின்ற மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வருஷம் வாங்கித் தர்றாராமே, அந்த வருஷத்துல ஆட உங்களுக்குக் காலை யார் வாங்கித் தருவா?"

"கடைசி ஊசிம்மா."

"போன தடவையும் கடைசி ஊசிதான். என் காதுல பூ சுத்தாதீங்க."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவளும் முறைத்துக்கொண்டே கூட வந்தாள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டதால் அன்று மைதானத்து அறையில் புது டாக்டர் இருந்தார். சும்மாடு எப்போதும் போலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தான். ஊசியைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது. டாக்டர் அவசரமாகக் கட்டைத் தளர்த்தினார். 'எதற்கு இந்தக் கட்டை அவிழ்க்கிறார்?' என்று அவன் யோசிப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

"ஐயோ டாக்டர், அது நல்ல கால்!"

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. சத்தம் கேட்டு உள்ளே வந்த கோச், விஷயம் புரிந்ததும் அவன் மேலேயே பாய்ந்தார்.

"எந்தக் கால்னு முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான்கூட வலதுன்னுதானே நெனச்சிட்டிருக்கேன்!"

சும்மாடு எழுந்து உட்கார்ந்தான். இந்த மனிதர் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஓடு ஓடு என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஆட்டம் முடிந்து அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறார். எந்தக் கால் என்று இவருக்குத் தெரியாது.

"சரி விடு. டாக்டர், அந்தக் கால்லயும் ஒண்ணு போட்டுடுங்க. நேரமாச்சு."

மருந்து ஏற்ற டாக்டரின் கை நகர்ந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் பொங்கியது. இதுவரை தாங்கியதற்கெல்லாம் சேர்த்து வந்த கோபம்.

"கையை எடுங்க டாக்டர்."

"என்னடா இது, நேரங்கெட்ட நேரத்துல?" என்றார் கோச்.

"எந்தக் கால்னே தெரியாம இத்தனை வருஷம் ஆட வெச்சிருக்கீங்களே சார், வெக்கமா இல்ல? ரெண்டு காலையும் மரக்க வெச்சு, அப்புறம் என்னைத் தூக்கிக்கிட்டுப் போக நீங்க வருவீங்களா?"

"அப்ப அடுத்த வருஷத்தை மறந்துடு."

"மறந்தாச்சு சார்."

நல்ல கால் மரத்துப் பஞ்சாகத் துவண்டது. கெட்ட கால் தரையில் பட்டதும் சுரீரென்றது. வெளியே காத்திருந்த மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் உட்காரும் பகுதிக்கு ஏறினான். "இருந்த நல்ல காலையும் கெடுத்துட்டானுங்களா?" என்று அவள் படிக்குப் படி திட்டிக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. வலது பக்கத்துக்காரன் வழக்கம் போல முன்னே ஓடினான். பந்து பறிபோனது. திறந்து கிடந்த அந்த இடத்தில் எதிரணிக்காரன் சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பவன் போல வந்து கோல் அடித்தான். சும்மாட்டின் மரத்த கால்கூட ஓடுவதற்காக ஒரு தரம் உதறியது. அதை நினைத்தும் அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது.

முன்வரிசையில் ஒரு ரசிகர் தலையில் அடித்துக்கொண்டார். "வாசலைத் தொறந்து போட்டிருக்கானுங்களே! அந்த இடத்துல யாருய்யா நிக்கணும்?"

"உங்க பின்னாடிதான் உக்காந்திருக்காரு" என்றாள் மனைவி.

அவர் திரும்பினார். அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது. "அட, சும்மாடு! உங்க ஆட்டம் ஒண்ணைக்கூட நான் விட்டதில்ல சார்." பிறகு கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இந்த வலது காலு உங்களைப் படுத்தி எடுக்குதே."

சும்மாடு குனிந்து வலது காலிலிருந்து கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். வீங்கியிருந்த இடது முழங்காலை முன்னே நீட்டி, ஊரே பார்க்க அதில் இறுக்கிக் கட்டினான்.

"இந்தக் கால்" என்றான்.