செட்டாகத்தான் வரும்

விலை உயர்ந்த காரை விற்கிறவர் சிரித்த முகத்தோடு காலத்தை ஓட்டிவிடலாம். அதன் ரிப்பேர் விலையைச் சொல்கிறவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லை. ஜொகூரில் தெப்ரா என்ற இடத்தில், பெரிய பெயருள்ள ஓர் ஐரோப்பியக் காரின் மெயின் டீலரிடம் பதினொரு வருடமாக நான் அந்த இரண்டாவது ஆள். சட்டையில் ‘ஸ்டெல்லா, சர்வீஸ் அட்வைசர்’ என்று குத்தியிருக்கும். காரைக் கொண்டுவருகிறவருக்கும் காரைப் பிரிக்கிறவருக்கும் நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பின்னால் நான். கொட்டேஷன் தாளைத் திருப்பி உங்கள் பக்கம் தள்ளுவது என் வேலை.

உங்களில் சிலர் அந்தத் தாளைப் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, சரி, தாங்கிக்கொள்ளலாம் என்று நீங்கள் நிமிரும்போது நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். கோபமிருந்தால் திட்டிக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது. ஆனால் மணியம் அண்ணன் என்று ஒருவர் என்னைத் திட்டவே இல்லை. அவருடைய பிழைப்பே ஒரு காரை நம்பி இருந்தது. அது கைவிட்டுப் போனது என் மேஜையில்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், இது எப்படிப்பட்ட மேஜை என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கண் போன கார்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கூலாயிலிருந்து ஓர் அக்கா வந்தார். மசாலா மில் வைத்திருப்பவர். கார், கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. முன்விளக்கில் ஒரு பக்கம் எரியவில்லை. பல்பு மாற்ற ஐந்து நிமிடம் ஆகுமா, பத்து நிமிடம் ஆகுமா, மில்லில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்தார். எங்கள் காரில் பல்பு என்று தனியாக ஒன்று கிடையாது. விளக்கு, கண்ணாடி, உள்ளே இருக்கும் சின்ன மோட்டார், வயர் எல்லாம் ஒரே பெட்டி. ஒட்டி மூடி அனுப்பிவிடுகிறார்கள். “செட்டாத்தான்க்கா வரும்” என்றேன். அந்த வாக்கியத்தை அன்றுதான் முதன்முதலில் சொன்னேன். பிறகு அது எனக்கு வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

அக்கா விலையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். விலை அப்படியேதான் இருந்தது. அடுத்து அவர் சொன்னது, புதுக் கார் வாங்க வந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்: “அலமாக்! வீட்டுல பல்பு போனா வீட்டையா மாத்துவாங்க?”

சிரித்தவரும் சிரிக்காதவரும்

ஜொகூரில் இந்த வேலை பார்ப்பதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. சனிக்கிழமையானால் பாலம் தாண்டி சிங்கப்பூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழர்கள், இரண்டு பேருக்கும் ஒரே மாடல், ஒரே கோளாறு. அரைக்கால் சட்டையில் வந்திருந்த சிங்கப்பூர்க்காரர் தாளை வாங்கினார், மனதுக்குள் அவர் ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். “இவ்வளவுதானா? அப்படியே டயரையும் பாத்துருங்க” என்று சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு தோசை சாப்பிடப் போய்விட்டார்.

பக்கத்தில் இருந்தவர் செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பழைய காராகப் பார்த்து வாங்கியவர். அவர் கையில் இருந்த தாளிலும் அதே தொகைதான். அதை ரொம்ப நேரம் மடிக்காமல் வைத்திருந்தார். நான் கணினியில் எதையோ தேடுவதுபோல நடித்தேன். கடைசியில் அவரே மெதுவாகக் கேட்டார்: “ஏன் மிஸ், அவரு சிரிச்ச வெலைக்குத்தான் நான் அழணுமா?”

ஏர்கோனுக்குள் அட்சதை

மணியம் அண்ணன் இருபது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். அந்தச் சேமிப்பையெல்லாம் போட்டு எங்கள் கம்பெனிக் கார் ஒன்றை, வெள்ளை நிறத்தில், செகண்ட் ஹேண்டில் வாங்கினார். கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை காராக வாடகைக்கு விடுவது, ஓட்டுவதும் அவரே. ஜொகூரில் நல்ல பெயர். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, பத்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நிற்பார். கார்டில் பேருக்குக் கீழே ‘சர்வீஸ்: மெயின் டீலரிடம் மட்டும்’ என்று அச்சடித்திருந்தார். ஒரு வெளிப் பட்டறையில் கதவு வயரைக் கருக்கிவிட்டார்களாம், அதிலிருந்து வேறு யாரையும் நம்புவதில்லை. என்னை மட்டும் நம்பினார். எப்போது வந்தாலும் வேறு கவுண்டர் காலியாக இருந்தால்கூட எனக்காகக் காத்திருப்பார்.

ஒருமுறை ஏர்கோன், அதாவது காரின் ஏசி, கடகடவென்று சத்தம் போடுகிறது என்று கொண்டுவந்தார். கம்ப்யூட்டர், காற்றாடி மோட்டாரைச் செட்டாக மாற்று என்றது. எங்கள் ஃபோர்மன் ரொஸ்லி திறந்து பார்த்தால் உள்ளே காய்ந்த ரோஜா இதழும் மஞ்சள் அரிசியும். ‘சுத்தம் செய்து மூடிவிடுங்கள், போதும்’ என்று ரொஸ்லியிடம் நானே சொன்னேன். அரைமணி நேர வேலை, அதற்கு மட்டும் பில். சத்தம் நின்றுவிட்டது. எடுத்த அரிசியை ரொஸ்லி ஒரு காகிதத்தில் கொண்டுவந்து காட்டியபோது மணியம் அண்ணன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்: “இத எப்படித் தங்கச்சி குப்பையில போடுறது? எத்தன புள்ளைங்கள வாழ்த்திப் போட்டதோ!”

மேனேஜரின் அறை

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான், பாராட்டு ஆங்கிலத்தில் வரும், திட்டு தமிழில் வரும். கம்ப்யூட்டர் மாற்றச் சொன்ன சாமானை மாற்றாமல் நான் ஏன் சுத்தம் செய்யச் சொன்னேன் என்று கேட்டார். சத்தம் நின்றுவிட்டதே என்றேன். அடுத்த மாதம் மோட்டார் நின்றுபோனால், அதே ஆள் வந்து மெயின் டீலர் வேலை சரியில்லை என்று ஊரெல்லாம் சொன்னால், அப்போது நீ பதில் சொல்வாயா என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பட்டறையில் பேசுவதைக் கஸ்டமரிடம் சொல்லக்கூடாது, வெளி ஆட்களைக் கைகாட்டக்கூடாது என்று ஒரு கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அப்போது என் வீட்டுக்காரருக்கு வேலை போய் நான்கு மாதம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எழுந்து வரும்போது மேனேஜர் கொஞ்சம் இறங்கின குரலில் சொன்னார்: “பாவம் பாக்குறதுக்குக் கோயில் இருக்கு, சர்ச் இருக்கு ஸ்டெல்லா. இங்க கம்ப்யூட்டர் சொல்றதப் படிச்சாப் போதும்.”

வெறும் ரப்பர்

தை மாத முகூர்த்தம் ஒன்றில் மணியம் அண்ணனின் கார் நடுவழியில் முரண்டு பிடித்தது. கியர் மாறும்போது உதறல், பிறகு ஒரு மஞ்சள் விளக்கு, அப்புறம் மாட்டு வண்டி வேகம். கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர்கள் தயாராக நிற்க, மாப்பிள்ளை தன் மாமாவின் காய்கறி வேனில் வந்து இறங்கினாராம். அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் சாவியை விடாமல் உருட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்பது கல்யாணம் ஒத்துக்கொண்டிருந்தார். மூத்த மகள் அந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். கார் ஓடினால்தான் எல்லாம் ஓடும் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியை முழுசாக மாற்று என்றது கம்ப்யூட்டர். விலை, அவர் அந்தக் காரை வாங்கியதில் பாதி. பட்டறைப் பக்கம் போனேன். ரொஸ்லி கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வயர் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் காய்ந்து ஆயில் கசிந்திருக்கிறது, அதை மாற்றி ஆயில் நிரப்பினால் அநேகமாகச் சரியாகிவிடும், வெளியில் ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்கள் என்றார். “கெத்தா சஜா, ஸ்டெல்லா.” கெத்தா என்றால் மலாயில் ரப்பர். வெறும் ரப்பர்தான் என்கிறார்.

மேஜைக்கு வந்து தாளைத் திருப்பி அண்ணன் பக்கம் தள்ளினேன். பார்த்தார். “வேற வழி ஏதும் இருக்கா தங்கச்சி?” என்று கேட்டார். அந்தச் சொல் என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. “கம்பெனி சொல்றது இதுதாண்ணே” என்றேன். அவர் தாளை நாலாக மடித்தார். பிறகு எனக்கே தைரியம் சொல்வதுபோலச் சொன்னார்: “சரி தங்கச்சி. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

சர்வீஸ் ரெக்கார்டு

அவருடைய போன் நம்பர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய் என் போனிலிருந்து கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே சொல்லிக்கொண்டேன். பத்து நாள் போனது. அவர் மறுபடி வந்தார், காரில்லாமல், மோட்டார் சைக்கிளில். காரை விற்கப்போவதாகவும், வாங்குகிறவர் சர்வீஸ் ரெக்கார்டு கேட்பதாகவும் சொன்னார். ஒத்துக்கொண்ட ஒன்பது கல்யாணங்களையும் வேறொருவரிடம் கைமாற்றி விட்டிருந்தார். அதிலும் ஒரு வீட்டார் ஏசினார்களாம்.

ரெக்கார்டு நாலு பக்கம் வந்தது. ஒரு சர்வீஸ்கூடத் தவறவில்லை. இவ்வளவு சுத்தமான ரெக்கார்டு, நல்ல விலை கிடைத்திருக்குமே என்று கேட்டேன். அதை நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் சங்கடமாகச் சிரித்தார்: “எங்க தங்கச்சி? நீங்க குடுத்த கொட்டேஷன கையில வச்சிக்கிட்டுத்தான் அவன் வெலயக் கொறச்சான்.”

டத்தோவின் கார்

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரின் கருப்புக் கார் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது மணியம் அண்ணன். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, பொட்டு இல்லை. சந்தோஷமாகவே வந்து உட்கார்ந்தார். மாதச் சம்பளம், ஞாயிறு லீவு, மகள் படிப்பு எப்படியோ ஓடுகிறது என்றார். கஸ்டமர் அறையில் போய் காப்பி சாப்பிடுங்கள் என்றேன். டிரைவர்களுக்கு வெளியே பெஞ்சு போட்டிருக்கிறது, தெரியும் என்றார். நான் எழுதிக்கொடுத்ததையெல்லாம் விலை பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். டத்தோ எதையும் கேட்கமாட்டாராம்.

போகிறபோக்கில்தான் அதைச் சொன்னார். தன்னுடைய பழைய காரைக் கூலாயில் ஒரு கோயில் வாசலில் பார்த்தாராம், பூவெல்லாம் கட்டி, மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு. ஓட்டுகிறவனிடம் விசாரித்தாராம். “ஒரு ரப்பர மாத்துனாங்களாம் தங்கச்சி, ஓடுதாம். எங்கம்மா முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவுனாங்க. கடைசியில என்னக் கவுத்ததும் ஒரு துண்டு ரப்பருதான்” என்று சிரித்தார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும் அண்ணே, அன்றைக்கே தெரியும் என்று நாலு வார்த்தை. பேனாவைத் திறந்தேன், மூடினேன். ரப்பரைப் பற்றிக் கேட்டதும் எனக்கு அதிர்ச்சி என்று அவர் நினைத்துக்கொண்டார் போல. மேஜை மேல் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னைத் தேற்றினார்: “மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. கவுண்டர்ல ஒக்காந்திருக்கிற புள்ள, உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லாமலா இருந்திருப்பீங்க?”

இந்தப் பதினொரு வருடத்தில் நான் எந்தக் கஸ்டமரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இந்த வேலைக்கு அது தேவைப்படவே இல்லை.